உறைகிற குழாய்க்கு எந்த உறை?

கேள்வி: எங்கள் வீடும் மாட்டுக் கொட்டகையும் மலைச்சரிவில் உள்ளன. மேலேயுள்ள தொட்டியிலிருந்து அரை அங்குல பிவிசி குழாய் தரைக்கு மேலாகவே 80 அடி வந்து, முதலில் சமையலறைக்கும் பிறகு கீழேயுள்ள கொட்டகைக்கும் தண்ணீர் தருகிறது. இந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை குழாய் உறைந்துவிட்டது. உறைவது வெளியில், வெடிப்பதோ மூன்று முறையும் சமையலறைக்குள் இருக்கும் எல்போ என்கிற வளைவு இணைப்பு. எல்போ மட்டமானது என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இப்போது குழாய் முழுவதும் நுரைப்பஞ்சு உறை மாட்டி, அதனுள் மின்சாரத்தில் சூடாகும் வெப்பக் கம்பி ஓட்டி, தொட்டியில் உறைதடுப்புத் திரவமும் ஊற்றச் சொல்கிறார். கொஞ்சம் உறை வாங்கியும் விட்டேன். எந்த உறை நல்லது? கறவை மாடுகள் இரண்டிலும் பால் குறைந்துவிட்டது. குளிர்தான் காரணமா?

பதில்: முதலில் அந்த எல்போவைப் பழியிலிருந்து விடுவித்துவிடுகிறேன். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. வெளியில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு, தொடர்ந்து வளர்ந்து, மூடியிருக்கும் சமையலறைக் குழாயை நோக்கித் தண்ணீரை நெருக்குகிறது. இரண்டுக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாததால் அழுத்தம் ஏறி, பலவீனமான இணைப்பு எதுவோ அது பிளக்கிறது. வெதுவெதுப்பான அறைக்குள் இருந்தும் எல்போ வெடித்ததற்கு இதுவே காரணம். தங்கத்தில் செய்து மாட்டினாலும், அதற்கு அடுத்த இணைப்பு வெடிக்கும். மூன்று எல்போ விற்ற பிறகாவது கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எந்த உறை என்று கேட்டிருக்கிறீர்கள். உறை எதுவும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பது வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதோடு சரி. அரை அங்குலக் குழாயில் அசையாமல் நிற்கும் சிறிதளவு தண்ணீருக்கு அது சில மணி நேரம் தவணை வாங்கித் தரும். நீண்ட இரவில் அந்தத் தவணை விடிவதற்குள் தீர்ந்துவிடும். நனைந்த உறையும் ஈரச் சாக்கும் அந்தத் தவணையைக்கூடத் தருவதில்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: யாரும் பயன்படுத்தாத இரவு நேரத்தில் குழாய்க்குள் தண்ணீர் ஏன் நிற்கிறது?

உங்கள் 80 அடிக் குழாயில் நிற்கும் தண்ணீர் ஐந்து லிட்டர் அளவுதான் இருக்கும், அரை வாளிகூட நிறையாது. இந்த அரை வாளியைக் காப்பாற்றத்தான் உறை, கம்பி, திரவம் என்று இத்தனை செலவு! அதை வெளியே விட்டுவிட்டால் உறைவதற்குக் குழாயில் ஒன்றும் இருக்காது. நான் எங்கு போனாலும் இதையே சொல்கிறேன் என்று கேலி செய்பவர்கள் உண்டு. சரிவான நிலம் வாய்த்தவர்கள் கடைக்குப் போவதைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. தொட்டியின் வாயிலேயே ஒரு வால்வு, கொட்டகை முனையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் குழாய், இரண்டும் போதும். மாலைக் கறவை முடிந்து மாடுகள் குடித்த பிறகு மேல் வால்வை மூடி, வடிகாலைத் திறந்து, சமையலறைக் குழாயையும் திறந்து வையுங்கள். இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே காற்று நுழைய வழியில்லாவிட்டால், விரலால் வாய் மூடிய உறிஞ்சுகுழல்போலத் தண்ணீர் இறங்காமல் தொங்கும். வடிகாலில் காற்றிழுக்கும் சத்தம் கேட்ட பிறகே படுக்கப் போகலாம்.

இதற்குக் குழாய் நெடுகச் சாய்வு வேண்டும்: 80 அடிக்குக் குறைந்தது 10 அங்குலம், நடுவில் எங்கும் தொய்வில்லாமல். தொய்ந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர் தங்கி உறையும். குளிரில் பிவிசி நொறுங்கும் தன்மை பெறுவதால், மாற்றும்போது எச்டிபிஇ என்னும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுங்கள்; ஆனால் அது வளைந்து தொங்கக்கூடியது என்பதால் முட்டுக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. பாதையின் நடுவே உருண்டை சுழன்று அடைக்கும் வால்வு (ball valve) இருந்தால், வடித்த பிறகு அதன் கைப்பிடியைப் பாதித் திருப்பில் நிறுத்துங்கள். முழுக்க மூடினாலும் திறந்தாலும் உள்ளேயிருக்கும் உருண்டையைச் சுற்றிச் சிறிது நீர் சிக்கிக்கொண்டு, வால்வின் உடலையே பிளந்துவிடும்.

இரவு முழுவதும் குழாயைச் சொட்டவிடுவதும் பலன் தரும், ஏனெனில் அது சிக்கிய நீரின் அழுத்தத்தைப் போக்குகிறது. வீட்டுக்குள் அது சரி. கொட்டகையில் சொட்டினால் காலையில் தரை கண்ணாடியாகி, மாடு வழுக்கி விழும்.

வெப்பக் கம்பியை மாட்டுக் கொட்டகைக்குள் நான் அனுமதிப்பதில்லை. எலி கடித்த இடத்தில் கசியும் மின்சாரம் ஈரத் தரையில் நிற்கும் மாட்டுக்கு மனிதரைவிடச் சுருக்கென்று தெரியும். தண்ணீர் குடிக்கும் தொட்டியில் வாய் வைக்கவே மாடு மறுக்கும், நீங்கள் நோய் என்று நினைப்பீர்கள். வீட்டுப் பகுதியில் போட்டே ஆக வேண்டுமென்றால், எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் இருக்க வேண்டும். கம்பி தன்மேல் தானே ஏறிப் படியக் கூடாது. உறைதடுப்புத் திரவம் என்று வாகனங்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தை அழித்துக் கொல்லும். குடிநீர்த் தொட்டியில் அதை ஊற்றச் சொன்னவரிடம் இனி ஆணிகூட வாங்காதீர்கள்.

மீண்டும் உறைந்துவிட்டால், முதலில் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்தே தொட்டியை நோக்கி வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டே போங்கள். நடுவில் தொடங்கினால் இளகிய நீர் இரண்டு கட்டிகளுக்கு இடையே சிக்கும். கொதிநீரைக் குளிர்ந்த பிவிசியின் மேல் ஊற்றினால் விரிசல் விடும். வைக்கோல் இருக்கும் இடத்தில் தீப்பந்தம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பால் குறைந்ததற்குக் குளிரைவிடத் தாகமே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். குடிநீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் மடி வற்றும். பனிபோல் குளிர்ந்த நீரை மாடு பெயருக்கு நாலு மடக்குக் குடித்துவிட்டு விலகிவிடும் என்பதால், கறந்தவுடன் வெதுவெதுப்பான நீரை வையுங்கள். கன்றுகள் தாகத்தோடு இருந்திருந்தால் ஒரேயடியாகக் குடிக்க விடாமல், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அளவு மீறினால் சிறுநீர் சிவந்து போகும்.

வாங்கிவிட்ட உறையை வீசிவிட வேண்டாம். தொட்டியின் வாய்க்கும் மேல் வால்வுக்கும் நடுவில் எப்போதும் நீர் நிற்கும் துண்டுக் குழாய்க்கும், அந்த வால்வுக்கும் இரண்டு சுற்றுச் சுற்றி, மழை இறங்காதபடி மேலே பாலிதீன் கட்டிவிடுங்கள்.