பவளமே இல்லாத தொட்டிக்குக் கால்சியம் எதற்கு?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். எட்டு மாதங்களாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு டாம்செல் மீன், ஒரு கிளீனர் இறால், கொஞ்சம் பாறை; பவளம் எதுவும் இல்லை. தினமும் இரு வேளை குருணைத் தீவனம் போடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் நீரை மாற்றுகிறேன். "தீவனம் மட்டும் போதாது, கடல்மீன் தண்ணீரைக் குடிக்கும், அதனால் தண்ணீரிலேயே சத்து சேர்க்க வேண்டும்" என்று சொல்லி, கால்சியம், அயோடின், ஸ்ட்ரான்சியம், நுண்சத்துக் கலவை, வைட்டமின் என ஐந்து பாட்டில்களைக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. இவையெல்லாம் அவசியம்தானா?

பதில்: உங்கள் தொட்டியில் இருக்கும் உயிர்களுக்கு அந்த ஐந்தில் நான்கு வேண்டியதில்லை. ஐந்தாவதான வைட்டமினும் தண்ணீரில் ஊற்றுவதற்கானது அல்ல.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கடல்மீனின் உடம்புக்குள் இருக்கும் நீரைவிட வெளியே இருக்கும் நீரில் உப்பு அதிகம் என்பதால், அதன் உடலிலிருந்து நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீர் மீனுக்கு இந்த வேலை இல்லை. ஆனால் குடிக்கும் நீரில் என்ன குறைகிறது என்பதுதான் கேள்வி. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன; அவற்றில் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம், ஸ்ட்ரான்சியம் சுமார் 8 மில்லிகிராம். மீன்தொட்டிக்கென்று விற்கும் நல்ல உப்புக் கலவை இந்த விகிதத்தை ஒட்டியே தயாரிக்கப்படுகிறது. மூன்று சிறு மீன்கள் எவ்வளவு குடித்தாலும் 200 லிட்டரில் இருக்கும் கால்சியத்தைத் தீர்த்துவிட முடியாது.

அதைத் தீர்ப்பவை வேறு உயிர்கள். கல்பவளங்களும் சிப்பிகளும் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. பாறையில் ஊதா நிறத்தில் படியும் பாசியும் அப்படித்தான், ஆனால் அதன் தேவை மிகக் குறைவு. கல்பவளம் நெருக்கமாக வளரும் தொட்டியில் நீர்மாற்றம் மட்டும் போதாது. அங்கே சேர்த்தே ஆக வேண்டும். அங்கும்கூடக் கால்சியத்தை மட்டும் ஊற்றினால் பயனில்லை, நீரின் கார்பனேட் இருப்பைக் காட்டும் காரத்தன்மையும் அதோடு சேர்ந்தே குறைகிறது: லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகும்போது காரத்தன்மை 2.8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கும். ஒன்றை மட்டும் கணக்கில்லாமல் ஏற்றிக்கொண்டே போனால் நீர் பால்போல் கலங்கி, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய கால்சியம் அப்படித்தான் வீணாகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலேயே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன; மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆக, இந்தப் பாட்டில் உண்மையில் யாருக்குத் தேவையோ அந்தப் பவளம் நம் வீட்டுத் தொட்டியில் இருக்கக் கூடாது. இருக்கும் கோமாளி மீனுக்கோ பாட்டில் தேவையில்லை. தொட்டியில் இருக்கும் பாறையையும் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். உடைந்த பவளத்தையே பாறை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அயோடினை இறாலுக்காகக் கொடுத்திருப்பார்கள். ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டால் பாறையடியில் இறால் மல்லாந்து கிடக்கும். மீசையும் கால்களும் அப்படியே இருக்கும். செத்துவிட்டது என்று வலையால் எடுத்தால் கையில் வருவது கண்ணாடித்தாள் போன்ற வெறும் ஓடு. இறால் பாறை இடுக்கில் பத்திரமாக ஒளிந்திருக்கும். ஓடு கழற்றுவதைப் பார்த்துப் பயந்தவர்களிடம்தான் அயோடின் அதிகம் விற்கிறது. இயற்கைக் கடல்நீரில் அயோடின் லிட்டருக்குச் சுமார் 0.06 மில்லிகிராம் மட்டுமே. அவ்வளவு நுண்ணிய அளவை வீட்டில் நம்பகமாக அளப்பது கடினம். தீவனத்திலும் அயோடின் இருக்கிறது, நீர்மாற்றத்திலும் புதிதாக வருகிறது. அளக்க முடியாத ஒன்றைத் தினமும் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது இறாலுக்கு நல்லதைவிடக் கெடுதலையே செய்யக்கூடும். நுண்சத்துக் கலவைக்கும் இதுவே பொருந்தும். அதில் தாமிரம் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் மீன் தாங்கும் தாமிர அளவை இறால் தாங்காது. ஸ்ட்ரான்சியம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மீனுக்கு வைட்டமின் வேண்டும். அது தீவனத்தின் வழியாகப் போக வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் மீன் குடிக்கும் சிறிதளவு போக மீதியைப் பாக்டீரியாவும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் தீவன டப்பாவை. மூட்டையிலிருந்து அள்ளிப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொடுத்த குருணையா? தயாரித்த மாதம் தெரியுமா? வைட்டமின் சி காற்றும் வெப்பமும் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும், தீவனத்தில் உள்ள கொழுப்பும் சிக்கடிக்கும். தொட்டி விளக்கின் மேலேயே டப்பாவை வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான இடம் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும் சிறிய டப்பாவாக வாங்கி, இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குருணைக்குப் பதிலாக உறைந்த ஆர்ட்டீமியாவோ (மிகச் சிறிய உப்புநீர் இறால்) பொடியாக நறுக்கிய பச்சை இறாலோ கணவாயோ கொடுக்கலாம். வாங்கிவிட்ட வைட்டமினை வீணாக்க மனமில்லை என்றால், வாரம் ஒரு முறை இரண்டு சொட்டைக் குருணையில் ஊறவிட்டுப் போடுங்கள். தீர்ந்த பிறகு மறுபடி வாங்க வேண்டாம்.

அந்த இரண்டாயிரத்தை உப்புக் கலவைக்குத் திருப்புங்கள். 20 லிட்டர் நீருக்குச் சுமார் 700 கிராம் கலவை போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதை வாரம் ஒருமுறை என்று ஆக்கினால் கால்சியம் முதல் நுண்சத்து வரை எல்லாம் உரிய விகிதத்தில் உள்ளே வந்துவிடும், மீன்கழிவால் சேரும் நைட்ரேட்டும் வெளியே போகும். எந்தப் பாட்டிலும் இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது. சமையல் உப்பை வைத்துச் சிக்கனம் பார்க்க வேண்டாம். உப்பளத்தில் கால்சியம் முன்னதாகவே படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசிக் கழிவுநீரோடு போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஆவியாகிக் குறையும் நீருக்கு மட்டும் உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

இவ்வளவு சொல்லியும் சந்தேகம் தீரவில்லை என்றால் காரத்தன்மையை அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். நீர் மாற்றிய மறுநாள் ஒருமுறை, அடுத்த நீர்மாற்றத்துக்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். 8 டி.கே.எச். என்பது 7.8 ஆகியிருந்தால் உங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட எதுவும் செலவாகவில்லை என்று பொருள்.

கேள்வி: நானும் இப்படிச் சில பாட்டில்களை வாங்கிவிட்டேன். இரண்டை இன்னும் திறக்கவில்லை. அவற்றின் மீது விலையோ இறக்குமதி செய்தவர் பெயரோ இல்லை. கையால் எழுதிய ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். பணம் கிடைக்குமா?

பதில்: திறக்காத இரண்டுக்கும் வழி இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும் பொட்டலத்தின் மீது இருக்க வேண்டும். அவை இல்லாததைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். பெரும்பாலும் அந்தப் புகார் எண்ணைச் சொன்னதுமே கடையில் பேச்சின் தொனி மாறிவிடும். மாறாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

திறந்தவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், தேவையில்லாத பொருள் வேறு, குறையுள்ள பொருள் வேறு. குறையுள்ள பொருளைத்தான், ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதே சட்டம், ஒரு பொருளின் தேவையைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது, வாயால் சொன்னாலும் சரி. ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது உங்கள் பாடு. அடுத்த முறை "இது எந்த உயிருக்கு, எதற்காக என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பாட்டில்கள் தாமாகவே அலமாரிக்குத் திரும்பிவிடும்.