பையை மாற்றும் முன் பருப்பைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, இந்த முறை நிலக்கடலையை உடைத்து, பருப்பை நாங்களே ஒரு கிலோ பாலித்தீன் பைகளில் அடைத்து வாயை ஒட்டி வைத்தோம். ஈரத்தை இழுக்கட்டும் என்று அடியில் செய்தித்தாள் மடித்துப் போட்டேன். இரண்டே மாதத்தில் பைகளின் உட்புறம் வியர்த்துவிட்டது. சில பைகளில் மக்கல் வாடை, சிலவற்றில் சிக்கு வாடை. பை மெல்லியது, மைக்ரான் கூடின பையோ வெற்றிடப் பையோ வாங்குங்கள் என்கிறார் பை விற்பவர். எதை வாங்கட்டும்? கெட்டுப்போனதை மாட்டுக்கு வைக்கலாமா?

பதில்: மாட்டுக்கு வைக்காதீர்கள் அம்மா. மக்கல் வாடை வந்த பருப்பில் அஃப்லடாக்சின் என்ற பூசண நஞ்சு இருக்கக்கூடும். மாடு அதைத் தின்றால் நஞ்சின் ஒரு பகுதி வேறு வடிவில் பாலில் இறங்கும். செக்கில் கொடுத்து எண்ணெய் எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். சுத்திகரிக்காத எண்ணெயிலும் நஞ்சு வரும். வறுத்தாலும் முழுதாகப் போகாது, மறுபடி காயவைத்தாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றுதான். இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்ததே அப்போதுதான். அந்தப் பைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் பைகளையும் ஆய்வகத்தில் பார்க்காமல் விற்காதீர்கள். வாடை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது.

இனி பைக்கு வருவோம். பாலித்தீன் நீராவியை நன்றாகவே தடுக்கும். ஆகவே நீங்கள் பார்த்த வியர்வை வெளியே இருந்து வந்ததல்ல, பருப்பு விட்ட ஈரம். பகலில் சூடேறும்போது பருப்பு ஈரத்தை விடுகிறது. இரவில் பை குளிர்ந்ததும் அது உட்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. ஒரு பையை நன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: பையை ஒட்டிக் கிடக்கும் பருப்பில்தான் பச்சை மஞ்சளாகப் பொடி முதலில் தெரியும். திறந்து முகர வேண்டாம், அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது.

அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, "அடைக்கும்போது பருப்பு காய்ந்திருந்ததா?" என்பதை. பருப்பின் ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கடித்தால் நறுக்கென்கிறது, கையில் சலசலக்கிறது என்று சொல்லாதீர்கள். அந்தக் கணக்கில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன ஈரமானி ஒன்று வாங்குங்கள். அறையின் காற்று ஈரத்தைக் காட்டுமே, அதேதான். கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு பருப்பு நிரப்பி, மேலே ஈரமானியை வைத்து, மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில் ஒரு இரவு விடுங்கள். காலையில் அது காட்டுவது பருப்பின் ஈரப்பதம் அல்ல, ஜாடிக்குள் இருக்கும் காற்றின் ஈரம். அது 65 சதவீதத்துக்குள் இருந்தால் அடைக்கலாம். 70ஐத் தாண்டினால் எந்தப் பையும் உதவாது, திரும்பக் களத்துக்குக் கொண்டுபோங்கள். களத்தின் நடுவில் ஒரு பிடி, ஓரத்தில் ஒரு பிடி, குவியலின் அடியில் ஒரு பிடி என்று தனித்தனி ஜாடியில் பாருங்கள். கெடுதல் தொடங்குவது பெரும்பாலும் அடியில் எடுத்த பிடியில்தான். பைக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள். இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

சிக்கு வாடை வேறு கதை. நிலக்கடலைப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். அது ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் சிக்கெடுக்கும். வெளிச்சமும் சூடும் அதை விரைவுபடுத்தும். பாலித்தீன் நீராவியைத் தடுக்குமே தவிர ஆக்ஸிஜனைத் தாராளமாக விடும். மைக்ரானை இரட்டிப்பாக்கினால் காற்று பாதியாகக் குறையும், நிற்காது. அலுமினியப் படலம் ஒட்டிய பல அடுக்குப் பை ஆக்ஸிஜன், ஈரம், வெளிச்சம் மூன்றையும் தடுக்கும். கேட்டதற்கு என் பதில் அதுதான்.

வெற்றிடப் பை பற்றி உங்களுக்குச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். காற்றை இழுத்துவிட்டு அதே சாதாரணப் பாலித்தீனில் அடைத்தால் காற்று மெல்ல உள்ளே திரும்பிவிடும். பருப்பின் கூர்முனை இறுகிய பையைக் குத்தி ஊசித்துளை போடுவதும் உண்டு. பை விற்பவரிடம் "உணவுக்கு ஏற்றதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். எந்தெந்த அடுக்கு, எதனால் ஆனது, எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

செய்தித்தாள் மட்டும் இனி வேண்டவே வேண்டாம். அச்சு மையில் கனிம எண்ணெய் இருக்கும், கடலையின் கொழுப்பு அதை எளிதாக இழுத்துக்கொள்ளும். பல நாள் பையில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஈரத்தையும் அது பெரிதாக இழுத்துவிடாது. உரம், மருந்து வந்த சாக்குகளைக் கழுவிப் பயன்படுத்துவதும் இதே தவறுதான்.

அடுத்த அறுவடையில் சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நஞ்சு அதிகம் இருப்பது அவற்றில்தான். வெயிலில் எடுத்த பருப்பைச் சூட்டோடு அடைக்காமல், நிழலில் துணி மூடி ஆறவிட்டு அன்று மாலையே இறுக மூடி வையுங்கள், காலையில் ஜாடி 65க்குள் காட்டினால் பையில் அடையுங்கள். இரவு திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பைகளைத் தகரக் கூரைக்கு அடியில் அடுக்காதீர்கள். ஒவ்வொரு பையின் மீதும் அன்றைய தேதியையும், ஜாடியில் பார்த்த எண்ணையும் எழுதி வையுங்கள்.