வால் ஒன்று, ஓசை நான்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். மகனை இந்த வருடம்தான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினோம், ஐந்தாம் வகுப்பு. 'ஓ-யூ-ஜி-ஹெச் என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள்' என்று ஒரு ஒர்க்‌ஷீட் வந்தது. இருமலுக்கு உரிய 'காஃப்' சரியாகப் படிக்கிறான். பிசைந்த மாவுக்கு உரியதை 'டாஃப்' என்கிறான், அது 'டோ'வாம். டிக்டேஷனில் பத்துக்கு மூன்று. பள்ளி வாசலில் ஒருவர், 9,500 ரூபாய்க்கு ஃபோனிக்ஸ் கிட் வாங்கினால் ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பையனையும் திட்டாதீர்கள். 'காஃப்' என்று ஒரு சொல்லைப் படித்தவன், அதே வால் உள்ள அடுத்த சொல்லை 'டாஃப்' என்று படித்தால் அவன் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒழுங்கில்லாதது அந்தச் சொற்பட்டியல்.

அவனுக்குக் கொடுத்த ஐந்தும் இவையாகத்தான் இருக்கும்: காஃப் (இருமல்), ரஃப் (சொரசொரப்பு), டஃப் (கடினம்), டோ (பிசைந்த மாவு), பவ் (மரக்கிளை). முதல் எழுத்து மட்டும்தான் மாறுகிறது, மற்ற நான்கும் அச்சு அசலாக ஒன்று. ஆனால் ஓசை நான்கு: ஆஃப், அஃப், ஓ, அவ். சேர்ந்து ஒலிப்பவை ரஃப், டஃப் இரண்டு மட்டுமே. எழுத்தை எண்ணி வாலைப் பார்த்துச் சொற்களை அடுக்குவது குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்கும் ஃபோனில் சொல் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கும் உதவும். அவர்களுக்காக இணையத்தில் கிடக்கும் பட்டியலை இறக்கி, மேலே பள்ளியின் பெயரைப் போட்டு ஜெராக்ஸ் எடுத்தால் அது பாடமாகிவிடாது. மரக்கிளைக்கு 'பிராஞ்ச்' இருக்கும்போது பத்து வயதுப் பிள்ளைக்கு 'பவ்' எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஏன் இப்படி என்று பையன் கேட்பான். 'அஃது' என்று சொல்லும்போது தொண்டையில் லேசாக உரசுகிறது அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி ஓர் ஒலிக்குத்தான் ஜி-ஹெச் என்று எழுதினார்கள். பிறகு பேச்சில் அந்த ஒலி சில சொற்களில் 'ஃப்' ஆனது, சிலவற்றில் காணாமலே போனது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறைந்தது, வாய் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பையனிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "அந்த ரெண்டு எழுத்து முன்னாடி பேசிச்சு, இப்ப சும்மா நிக்குது."

இனி வீட்டில் செய்ய வேண்டியது. கோடு போடாத 80 பக்க நோட்டு ஒன்று. பக்கத்துக்கு ஓர் ஓசை. தலைப்பில் ஓசையைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கில வால் வேண்டாம். 'அஃப்' பக்கத்தில் ரஃப், டஃப், இனஃப் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, அவற்றோடு இரட்டை எஃப் போட்டு எழுதும் 'பஃப்', 'ஸ்டஃப்' என்பவற்றையும் சேர்க்க வேண்டும். 'ஓ' பக்கத்தில் மாவுக்கு உரிய டோ, ஆனாலும் என்ற பொருளில் வரும் தோ, கூடவே அவனுக்குத் தெரிந்த 'கோ', 'நோ'. 'அவ்' பக்கத்தில் ஏருக்கு உரிய ப்ளவ், அதனோடு 'கவ்', 'நவ்'. 'ஆஃப்' பக்கத்தில் இருமலும், விளக்கை அணைக்கும் ஆஃபும். காது முதலில் கூட்டம் சேர்க்கட்டும், கண் பிறகு பிரித்துக்கொள்ளும்.

முதல் மூன்று நாள் 'அஃப்' பக்கம் மட்டும், தினம் பத்து நிமிடம். பார்க்க வேண்டும், உரக்கச் சொல்ல வேண்டும், மூடிவிட்டு எழுத வேண்டும், திறந்து சரிபார்க்க வேண்டும். தவறினால் ஒரு எழுத்தை மட்டும் திருத்த விடாதீர்கள். முழுச் சொல்லையும் அடித்துவிட்டு முழுதாக எழுதட்டும். நான்காம் நாள் 'ஓ' பக்கம். முதல் வாரத்தில் இருமலையும் மாவையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது பெரும்பாடு. எழுதிய பக்கத்தை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி கேளுங்கள். கேட்கும்போது பொருளோடு கேளுங்கள்: "வர்க்கி சுட மாவு பிசைஞ்சாச்சு, மாவுக்கு என்ன?" என்றால் பையன் எழுதிவிடுவான். வெறும் 'டோ' என்றால் கால் விரலுக்கு உரிய சொல்லோடு குழம்புவான்.

பத்துத் தடவை எழுதி வா என்று பள்ளியில் சொல்வார்கள். பிள்ளைகள் மூலத்தைப் பார்ப்பதில்லை, மேல் வரியைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். இரண்டாம் வரியில் ஒரு எழுத்து விழுந்தால் மீதி எட்டு வரியிலும் அதே பிழை. பிழையை எட்டுத் தடவை பயிற்சி செய்த கணக்குதான். இதற்குப் பெயர் தண்டனையாம். தண்டனை யாருக்கு என்றுதான் புரியவில்லை.

இன்னொரு பொறி, சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிக்கொள்வது. ஓசைத் தலைப்புக்குத் தமிழ் சரி, ஒவ்வொரு சொல்லுக்கும் கூடாது. உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. தோட்டத்துக்குள் வரும் கரடி 'பேர்', பேரிக்காயும் 'பேர்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்று பி, இன்னொன்று பீ. 'டியர்' என்று எழுதினால் அன்பா, கண்ணீரா? அன்பு டீயில் தொடங்கும், கண்ணீர் அதே டீயிலா என்றால் இல்லை, தேநீர்க்குரிய டீயில். பார்த்தீர்களா, எழுத்தின் பெயரைக்கூடத் தமிழில் பிரித்துக் காட்ட முடியவில்லை. இவை எல்லாமே இ-ஏ-ஆர் என்று முடியும் நான்கெழுத்துச் சொற்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் வண்டிக்குப் போடும் கியர், நியர், ஹியர், ஃபியர், இயர் எல்லாம் 'இயர்' பக்கம். கரடி, பேரிக்காய், உடுத்தும் 'வேர்' மூன்றும் 'ஏர்' பக்கம். 'கரடி பேரிக்காய் தின்னுது' என்று மனதில் வைத்தால் மறக்காது.

நம்பிக்கை வர வேண்டுமானால் ஐ-ஜி-ஹெச்-டி குடும்பத்தில் தொடங்குங்கள். ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், ஏழும் ஐந்தெழுத்து, ஏழும் ஒரே ஓசை. ஐந்தெழுத்தில் முரண்டு பிடிப்பது எட்டுக்கு உரிய 'எய்ட்' ஒன்றுதான். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: முன்னால் ஒரு 'இ' வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த 'இ' வந்தால் 'எய்': எட்டு எய்ட், எடை வெய்ட், சரக்கு ஃப்ரெய்ட். ஆனால் உயரத்துக்கு உரிய சொல்லில் அதே 'இ' இருந்தும் 'ஹெய்ட்' இல்லை, 'ஹைட்'. உயரமான என்ற பொருள் தரும் 'ஹை'க்கு அது சொந்தம்; எழுத்து ஒரு பக்கம் நின்றுவிட, ஓசை சொந்தக்காரரோடு போய்விட்டது. ஹெல்த் கார்டில் உயரமும் எடையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் பெரியவர்களே இதில் சறுக்குவார்கள். ஆகவே அந்த இரண்டையும் ஜோடியாக வைக்காமல், உயரத்தை 'ஹை'யோடும் எடையை எட்டோடும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கிட் விற்பவருக்கு வருவோம். ஃபோனிக்ஸ் பொய்யல்ல. 26 எழுத்தை வைத்து ஆங்கிலத்தின் சுமார் 44 ஒலிகளை அறிமுகப்படுத்த நல்ல முறை; எழுத்துக் கூட்டத் தொடங்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஐந்தாம் வகுப்புப் பையன் தடுக்குவது அதைத் தாண்டிய இடத்தில். அவரிடம் ஒன்று கேளுங்கள்: "இருமல், மாவு ரெண்டும் உங்க கிட்ல எந்த அட்டையில இருக்கு?" ஒரே அட்டையில் இருந்தால், அது நீங்கள் ஏற்கெனவே இலவசமாக வாங்கிய ஒர்க்‌ஷீட்தான். எந்த அட்டையிலும் இல்லை என்றால் வாங்கி என்ன பயன்? "பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள்" என்றால், பள்ளி லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணம், தவணை, சான்றிதழ் என்று பேச்சு நகர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சான்றிதழால் டிக்டேஷனில் அரை மார்க்கும் ஏறாது.

வகுப்பாசிரியரிடம் போனால் குறை சொல்ல வேண்டாம், ஒன்று மட்டும் கேளுங்கள்: டிக்டேஷனில் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல முடியுமா? பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் அந்த ஒர்க்‌ஷீட் மேலிருந்து வந்ததுதான். ஃபோனில் ஏருக்கு உரிய சொல்லைப் பையன் பி-எல்-ஓ-டபிள்யூ என்று பார்த்துவிட்டு வந்தால் அது அமெரிக்க எழுத்து. தேர்வில் நீளமானதையே எழுதட்டும்.