கதவில்லாத வாசல்

கேள்வி: நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 2005-இல் கிறிஸ்டோ, ழான்-கிளோட் தம்பதி துணி தொங்கவிட்ட ‘வாசல்கள்’ பற்றிப் படித்தேன். கதவே இல்லாததற்குப் பெயர் வாசலா? 16 நாளில் கழற்றிவிட்டார்களாம். அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே?

பதில்: கதவு இருந்தால்தான் வாசலா? இல்லத்தின் வாய், இல்வாய். அது முன்பின்னாகி வாயில் ஆனது. இலக்கணப் போலிக்கு உதாரணமாகப் பள்ளியில் இதைத்தானே படித்தோம்! பேச்சில் வாசல். தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவதும் வாசலில்தான், கதவில் இல்லை.

அந்தப் பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் நம் கட்சி. ஆடம்பர நுழைவாயில்கள் வைக்க வேறொரு கட்டடக் கலைஞர் படம் போட்டுத் தந்தபோது வாக்ஸ் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் தாழ்ந்த கல்சுவரில் திறப்புகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: கலைஞர் வாசல், வணிகர் வாசல், சிறுமியர் வாசல். மேற்கே 106-ஆம் தெருவில் ‘அந்நியர் வாசல்’! கிறிஸ்டோ தம்பதி தலைப்பை எடுத்தது இந்தச் சுவரிலிருந்துதான்.

37 கிலோமீட்டர் நடைபாதையில் 7,503 வாசல்கள். இரண்டு கம்பங்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம்; அதிலிருந்து தொங்கும் காவித் துணி தரைக்கு ஏழடி மேலேயே நின்றுவிடும். தோளில் இருக்கும் குழந்தை கை நீட்டினால் தொடும். காற்றில் துணி சுருண்டு மேலே சிக்கிக்கொண்டால், நுனியில் டென்னிஸ் பந்து செருகிய நீளக் கம்பால் பணியாளர்கள் அதை விடுவித்துத் தொங்கவிடுவார்கள். வந்தவர்களுக்கு அதே துணியில் சின்னச் சின்னச் சதுரங்களும் கொடுத்தார்கள்.

1979-இல் போட்ட திட்டம். 1981-இல் மறுத்தார்கள்; 2003-இல்தான் அனுமதி கிடைத்தது. மண்ணைத் தோண்டாமல், கனமான எஃகுப் பீடங்களில் கம்பங்களை நிறுத்தினார்கள். செலவு 2.1 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் நகரத்தின் பணம் ஒரு காசு கிடையாது, எல்லாம் தங்கள் ஓவியங்களை விற்ற பணம். கட்டணமும் வாங்கவில்லை. ஏழையும் பணக்காரனும் ஒரே துணிக்கடியில் நடந்தார்களே, அது ஏழைக்குக் கொடுத்தது இல்லையா?

பூங்காவுக்குப் பூட்டு எதற்கு என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், திட்டும் வாங்கிவிட்டேன். எங்கள் தெருமுனைப் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டினால் மாலை நாலுக்குத்தான் திறக்கிறார்கள். நேற்று மதியம் பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா அந்தக் கம்பிக் கதவுக்கு வெளியே, சுவரோரம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வேப்பமரத்தடியில் நாலு சிமென்ட் பெஞ்சும் காலியாகக் கிடந்தன.