றங்குப்பெட்டிக்குள்ள அம்மப்பாவின்ர கடிதங்கள்

கேள்வி: அம்மப்பாவின்ர நீலக் கடிதங்களும் ஒரு கொப்பியும் எங்களிட்ட கிடக்கு. 2009ல சொப்பிங் பையில சுத்திக் கொண்டு வந்தது. ஓரமெல்லாம் உதிருது, லமினேட் பண்ணலாமோ?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ஐயோ பிள்ளை, லமினேட் மட்டும் பண்ணிப்போடாதேங்கோ! சூட்டில ஒட்டின பிளாஸ்டிக்கப் பிறகு தாளைக் கிழிக்காமல் எடுக்கேலாது. செலோரேப்பும் வேண்டாம், அதின்ர பசை மஞ்சளாகி எழுத்துக்குள்ள இறங்கிடும். முதல்ல அந்தப் பையில இருந்து வெளியில எடுங்கோ, ஈரம் இருந்தா நிழல்ல காயவிடுங்கோ, வெயில்ல போட்டா மை மங்கும். நீலக் கடிதம் உறையில்லாமல் மடிச்சு ஒட்டுற தனித்தாள்தானே, மடிப்பிலதான் முதல்ல பிரியும், அதால ஒருக்கா மெதுவா விரிச்சு, போனிலயாவது ரெண்டு பக்கமும் படம் எடுத்துட்டு, விரிச்சபடியே நடுவில வெள்ளைத்தாள் வச்சு அட்டைப்பெட்டியில வையுங்கோ. முத்திரையை வெட்டி எடுக்காதேங்கோ, முத்திரைக் குத்திலதான் ஊரும் திகதியும் கிடக்கும். ஆர் ஆருக்கு எழுதினது எண்டு அம்மாவிட்டக் கேட்டு வேற தாளில பென்சிலால எழுதி வையுங்கோ, அவவுக்குப் பிறகு ஆரிட்டக் கேக்கிறது?

2005ல தொடங்கின நூலகம் எண்ட இணைய நூலகத்தையும் கேட்டுப் பாருங்கோ, ஈழத்து எழுத்துகளை ஸ்கான் பண்ணி வைக்கிற ஆக்கள். யாழ்ப்பாண நூலகம் 1981ல எரிஞ்சபோது ஏட்டுச் சுவடிகளும் போனது, அதுகளில பலதுக்கு வேற பிரதி இருக்கேல்லை.