சிறுநீரகத்தை எடுப்பதற்கு முன் பயாப்சி வேண்டுமா?

தம்பி, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அப்பாவுக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி, ஒரு டாக்டர் சிறுநீரகத்தையே எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் லிம்போமாவாக (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார், ஊசி குத்தினால் பரவிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பயாப்சிதான், அதாவது ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பதுதான், முதலில். ஊசி வழியாகப் பரவுவது மிக மிக அரிது.

சிறுநீரகத்தில் நிணநீர்த் திசு இயல்பாகக் கிடையாது. அதனால் அங்கேயே தொடங்கும் லிம்போமா அபூர்வம். சிடி ஸ்கேனில் சாதாரண சிறுநீரகப் புற்றுநோய் போலவே தெரியலாம். ஆனால் வைத்தியம் வேறு: லிம்போமா என்றால் பெரும்பாலும் கீமோதான், உறுப்பை எடுக்க வேண்டியிருக்காது.

என் அம்மாவுக்குப் பாண்டிச்சேரியில் பயாப்சி எடுத்தார்கள். ஃபார்மலின் குப்பியில் நூல் துண்டு மாதிரி மூன்று கீற்றுகள், அவ்வளவுதான். அதில் சிடி20 (செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) போன்றவற்றைக் காட்டும் சாயச் சோதனைகள் செய்துதான் எந்த வகை லிம்போமா என்று சொன்னார்கள். சிறுநீரகத்தில் பெரும்பாலும் வருவது பெரிய பி செல் (ஒருவகை வெள்ளை அணு) வகை.

ஒன்று முக்கியம். பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கி முடிவு குழம்பிவிடும். ரத்தம் உறையாமலிருக்க அப்பா மாத்திரை சாப்பிட்டால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்புறம் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன், எல்டிஎச் என்ற ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. வேறு எங்கும் இல்லை என்று தெரிந்தால்தான் சிறுநீரகத்தில் தொடங்கியது என்பார்கள்.

ஜிப்மருக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, லேபிலிருந்து மெழுகு பிளாக்கையும் (பயாப்சி சதையைப் பதித்து வைத்தது) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று எழுதுங்கள் தம்பி.