கான்ஃபிக் நிரலை ஃப்ரீஸ் செய்வது: கேட்டவர்களுக்குப் பதில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) எழுதி 16 வருடம் ஆகிறது. சிப்பை அமைக்கும் கான்ஃபிக் நிரலை ஒரு டூல் தானாக எழுதித் தரும்போது, அதை மாறாமல் பூட்டி வைப்பது, அதாவது ஃப்ரீஸ் செய்வது, எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன.

கிண்டியிலிருந்து: அக்கா, எஸ்டிஎம்32 (மைக்ரோகன்ட்ரோலர் சிப்) ப்ராஜெக்ட். கியூப்எம்எக்ஸ் (அந்தச் சிப்பின் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் நிரல் எழுதித் தரும் டூல்) உருவாக்கிய நிரலை ஃப்ரீஸ் பண்ணச் சொல்கிறார் டீம் லீட். சி ஃபைல்களை கிட்டில் (Git, நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் டூல்) போட்டுப் பூட்டினால் போதுமா?

போதாது. நிரலோடு சேர்த்து .ஐஓசி ஃபைல் (டூலில் நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்புகள் இருப்பது), டூலின் பதிப்பு, ஃபர்ம்வேர் பேக்கேஜின் பதிப்பு எல்லாம் ஒரே டேகில் (கிட்டில் ஒரு பதிப்புக்கு வைக்கும் பெயர்க் குறி) நிற்க வேண்டும். .ஐஓசி வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். நோட்பேடில் திறந்து பாருங்கள், இரண்டு பதிப்பு எண்களும் அதிலேயே வரிகளாக இருக்கும். அந்தப் பதிப்பின் இன்ஸ்டாலரையும் உங்கள் சர்வரில் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. லைப்ரரி ஃபைல்களை ப்ராஜெக்ட்டுக்குள் காப்பி செய்யவும் டூல் வழி தரும், வெளியே இருப்பதை ரெஃபரன்ஸாகச் சேர்க்கவும் வழி தரும். ரெஃபரன்ஸ் என்று வைத்திருந்தால் ஹால் டிரைவர் (சிப்பின் பாகங்களை இயக்கும் லைப்ரரி) உங்கள் லேப்டாப்பின் ஹோம் ஃபோல்டரில்தான் இருக்கும், ரெப்போவில் (கிட்டின் சேமிப்பிடம்) இருக்காது. அப்படியானால் நீங்கள் எதையும் ஃப்ரீஸ் செய்யவில்லை. காப்பி என்று மாற்றுங்கள்.

பெருங்குடியிலிருந்து: ஒரே ஒரு பாட் ரேட்டை (சீரியல் தொடர்பின் வேகம்) மாற்ற வேண்டும். ஜெனரேட் பட்டனை அமுக்கலாமா மேடம்?

அமுக்கும் முன் கமிட் செய்யுங்கள், அதாவது இப்போது இருப்பதை கிட்டில் பதிவு செய்யுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

நான் பட்டதைச் சொல்கிறேன். டூலின் பெயர் வேண்டாம். இதே போல ஒரு பாட் ரேட்டுக்காகத்தான் மறுபடி ஜெனரேட் செய்தேன். இடையில் டூல் அப்டேட் ஆகியிருந்தது. பில்டில் ஒரு வார்னிங்கூட இல்லை. போர்டில் போட்டால் கரண்ட் அளக்கும் ஏடிசியின் (சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) பஃபர் முழுக்கப் பூஜ்யம். இரண்டு நாள் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு சென்சாரைச் சந்தேகப்பட்டேன், சால்டரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் காலை டிஃப் (பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்) பார்த்தபோதுதான் தெரிந்தது. மெயின் ஃபைலில் இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. முன்பு டிஎம்ஏ (அளவுகளைத் தானாக மெமரிக்கு நகர்த்தும் பகுதி) இனிட் மேலே, ஏடிசி இனிட் கீழே. இப்போது தலைகீழ். டிஎம்ஏவுக்கு கிளாக் கொடுப்பதே அந்த இனிட்தான். கிளாக் வராத ரெஜிஸ்டரில் ஏடிசி இனிட் எழுதியது எதுவும் பதியவில்லை, எர்ரரும் வரவில்லை. முதல் நாளே டிஃப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஆகவே தனி பிராஞ்ச், பழைய அதே டூல் பதிப்பு, ஜெனரேட், பிறகு வரி வரியாக டிஃப். காப்பிரைட் ஆண்டு மாதிரி சத்தமெல்லாம் டிஃப்பில் வரும். அதற்குச் சலித்துக்கொண்டு மொத்தத்தையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: நான் எழுதிய ஃபங்ஷன் ஜெனரேட் செய்ததும் காணாமல் போய்விட்டது.

யூசர் கோட் பிகின், எண்ட் கமெண்ட்டுகளுக்கு வெளியே எழுதியிருப்பீர்கள். அவற்றுக்கு நடுவில் இருப்பதை மட்டும்தான் டூல் அழிக்காமல் விடும். கமிட் செய்திருந்தால் திரும்ப எடுக்கலாம். இனி உங்கள் லாஜிக்கைத் தனி ஃபைலில் வைத்து, அந்த இடைவெளியிலிருந்து ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் கூப்பிடுங்கள்.

சோழிங்கநல்லூரிலிருந்து: மன்னிக்கவும், உங்களோடு உடன்பாடில்லை. ஜெனரேட் ஆன நிரல் ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலர் உருவாக்கும் இடைநிலை ஃபைல்) மாதிரி. அதை ரெப்போவில் வைப்பதே தவறு. .ஐஓசி மட்டும் போதும், பில்டில் ஜெனரேட் செய்துகொள்ளலாம்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: மூலம் ஒன்றுதான் இருக்க வேண்டும். செஃபிர் என்ற ரியல்டைம் ஓஎஸ்ஸில் டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டின் ஹார்ட்வேர் விவரம்) வரும் ஹெடர்கள் ஒவ்வொரு பில்டிலும் உருவாகின்றன, அவற்றை யாரும் கமிட் செய்வதில்லை. அங்கே அது சரி, ஏனென்றால் உருவாக்கும் ஸ்கிரிப்ட்டும் அதே சோர்ஸ் மரத்துக்குள் இருக்கிறது. பதிப்பு தானாகவே பூட்டப்படுகிறது. அந்த ஃபைல்களில் யாரும் கை வைப்பதும் இல்லை.

கியூப்எம்எக்ஸ் மாதிரி டூலில் இந்த இரண்டும் கிடையாது. டூல் வெளியே இருக்கிறது. உங்கள் சொந்த வரிகளும் அதே ஃபைலுக்குள் கலந்திருக்கின்றன. ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள் யாராவது கையால் எழுதுவார்களா?

சோழிங்கநல்லூர் மறுபடி: டாக்கர் இமேஜில் (டூலை அதன் சூழலோடு அடைத்து வைக்கும் பொதி) டூலைப் பூட்டிவிட்டால்? கமாண்ட் லைனிலும் ஓடுமே.

ஓடும். செய்ய முடிந்தால் நல்லதுதான், நானும் சிஐயில் (தானாக பில்ட் செய்யும் சர்வர்) அப்படி ஓட்டுகிறேன். ஆனால் சரிபார்க்க மட்டும். இரவில் ஜெனரேட் செய்து, ரெப்போவில் இருப்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் பில்ட் சிவப்பாகும். போர்டுக்குப் போவது கமிட் ஆன நிரல். ஏழு வருடம் கழித்து ஃபீல்டிலிருந்து ஒரு போர்டு திரும்பி வரும்போது, அந்த டாக்கர் இமேஜ் எழும்புமா என்று பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. சி ஃபைலைத் திறந்து படிக்க முடியும்.

ஒரகடத்திலிருந்து: வாகன ப்ராஜெக்ட். ஃப்ரீஸ் செய்தால் டூல் குவாலிஃபிகேஷன் (டூலை நம்பலாம் என்று நிரூபிப்பது) தேவையில்லையா?

அப்படி நேராகச் சொல்லிவிட முடியாது. வாகனப் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 26262, பகுதி 8, பிரிவு 11 படியுங்கள். டூலின் பிழை எங்கே போய்ப் பாதிக்கும், அதைப் பிடிக்க உங்களிடம் என்ன இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் டூலை எவ்வளவு நம்பலாம் என்ற நிலை முடிவாகும். ஃப்ரீஸ் ஆன நிரலை ரிவ்யூ செய்து டெஸ்ட் செய்தால் இரண்டாவது வாதம் பலப்படும். இறுதி முடிவு உங்கள் சேஃப்டி மேனேஜருடையது.

அண்ணா நகரிலிருந்து: ரிச்சி தெருவில் வாங்கிய ப்ளூ பில் போர்டில் (எஸ்டிஎம்32 சிப் உள்ள சிறு போர்டு) சிப் போலியா என்று எப்படித் தெரியும்?

என் துறை இல்லை. ஹார்ட்வேர் ஆட்களிடம் கேளுங்கள்.

போரூரிலிருந்து: ஃப்ரீஸ் ஆன பிறகு கையால் ஒரு வரி திருத்தலாமா?

திருத்தினால் அந்த நிமிடத்திலிருந்து .ஐஓசி சொல்வதும் நிரல் செய்வதும் வேறு வேறு. ஆறு மாதம் கழித்து வரும் புதுப் பையன் .ஐஓசியைத்தான் நம்புவான், அமுக்குவான், உங்கள் திருத்தம் போய்விடும். ஒன்று .ஐஓசி வழியாகவே மாற்றுங்கள். இல்லையா, இனி டூலே வேண்டாம் என்று டீமாக முடிவெடுத்து, .ஐஓசியை ஆர்க்கைவ் ஃபோல்டருக்குத் தள்ளி, ரீட்மியில் எழுதி வையுங்கள். இரண்டு படகில் கால் வைக்காதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து: ஒரு பின் பெயரை மட்டும் மாற்றணும் மேடம், ஜெனரேட் பண்ணலாமா?

பெருங்குடிக்குச் சொன்னதேதான். பின் லேபிள் மாறினால் மெயின் ஹெடரில் மேக்ரோ பெயரும் மாறும், அதைப் பயன்படுத்தும் இடங்களையும் தேடுங்கள்.

ஆவடியிலிருந்து: ஜெனரேட் செய்துவிட்டேன், கமிட் செய்யவில்லை. இப்போது என்ன செய்வது?

டூலை மூடுங்கள், எதையும் சேவ் செய்யாதீர்கள். பேக்கப் ஆப்ஷன் ஆன் செய்திருந்தால் பழைய ஃபைல்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் ஐடிஇயின் லோக்கல் ஹிஸ்டரி. கிடைத்ததும் உடனே கமிட்.